ஆள்காட்டி விரலுக்கு 14, சுண்டு விரலுக்கு 7

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஒரு விலைப்பட்டியல். கட்டைவிரல் முழுசாகப் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9. எலும்பு போகாமல் நுனிச்சதை மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே ரேட்டு, 7. நாலு விரலும் சேர்ந்து போனால் 50. ஒரு கையே போய்விட்டால் 60. இரண்டு கையும் போனால் 100.

இது ஏதோ கசாப்புக் கடைப் பலகை இல்லை. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 1962 திருத்தத்துக்குப் பிறகு இருந்த எண்கள். எல்லாமே சதவீதம். அதாவது அந்த உறுப்பு போனதால் ஒருத்தனுடைய சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனது என்று சட்டம் போட்ட கணக்கு.

ஒரு காலத்தில் ஃபேப்ரிகேஷன் ஷாப் ஒன்றில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். தலைக்கு மேலே ஓவர்ஹெட் கிரேன் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ஆரம்பித்த ஆர்வம்தான் இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேட வைத்தது. தேடத் தேட ஒரே ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப எதிரில் வந்து நின்றது. அந்த வார்த்தை ‘அஜாக்கிரதை’.

கிரேனில் கை எப்படி மாட்டும்?

கிரேன் பார்க்காதவர்களுக்காகச் சின்ன விளக்கம். ஷெட்டின் இரண்டு பக்கமும் உயரத்தில் தண்டவாளம். அதன் மேல் குறுக்கே ஒரு பாலம் நீளவாக்கில் ஓடும். பாலத்தின் மேல் ஒரு டிராலி குறுக்குவாக்கில் ஓடும். டிராலியிலிருந்து இரும்பு வடம், வடத்தின் நுனியில் கொக்கி. ஐந்து டன், பத்து டன் என்று தூக்கிக்கொண்டு நம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

லோடு அறுந்து தலையில் விழுவதுதான் ஆபத்து என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதுவும் ஆபத்துதான். ஆனால் கை போவது பெரும்பாலும் லோடு அரை அடி கூட மேலே எழும்பாதபோது. இரும்புத் தகட்டைச் சுற்றி ஸ்லிங் போட்டாச்சு. கிரேன்காரர் மெதுவாக மேலே தூக்குகிறார். தளர்ந்து கிடந்த ஸ்லிங் இறுகுகிறது. அந்த நேரத்தில் ஸ்லிங் நழுவாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிடிக்காவிட்டால் அது விலகிப்போகும், லோடு சாயும், மறுபடி இறக்கி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். ஸ்லிங்குக்கும் தகட்டு விளிம்புக்கும் நடுவில் விரல் இருக்கும்போது இறுகினால் முடிந்தது கதை. கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

இறக்கும்போதும் அப்படித்தான். லோடுக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும், அப்போதுதான் ஸ்லிங்கை உருவ முடியும். கட்டை கொஞ்சம் கோணலாக இருந்தால் கை தானாகவே போய்ச் சரி செய்யும். இன்னொன்று, ஆடுகிற லோடை நிறுத்தக் கை நீட்டுவது. இரண்டு டன் இரும்பு ஆடும்போது கையால் நிறுத்த முடியாது என்று மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கிரேனோடு பேசுவதே கையால்தான். ஷாப்பில் இருக்கும் இரைச்சலில் வாயால் பேச முடியாது. ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சின்ன வட்டம் போட்டால் ‘தூக்கு’. கீழே காட்டி வட்டம் போட்டால் ‘இறக்கு’. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க முன்னும் பின்னும் அசைத்தால் ‘உடனே நிறுத்து’. ஸ்லிங்கில் மாட்டிக்கொண்ட கையால் நிறுத்தச் சொல்ல முடியாது. இதுதான் பிரச்சினை.

முன்பெல்லாம் கிரேனுக்கு மேலே கேபினில் ஆபரேட்டர், கீழே சிக்னல் கொடுக்க ஒருத்தர், ஸ்லிங் மாட்ட ஒருத்தர் என்று ஆள் இருப்பார்கள். பிறகு பெண்டன்ட் வந்தது. மேலேயிருந்து தொங்கும் ஒரு பட்டன் பெட்டி. கீழே நின்றபடியே இயக்கலாம். ஆள் மிச்சம். பல இடங்களில் ஸ்லிங் மாட்டுகிறவரும், சிக்னல் கொடுக்கிறவரும், பட்டனை அழுத்துகிறவரும் ஒரே ஆளாகிப் போனார். வலது கையில் பெண்டன்ட், இடது கையில் ஸ்லிங். அவருடைய கட்டைவிரல் அழுத்தும் பட்டனால் அவருடைய இன்னொரு கை நசுங்கும். அப்புறம் என்ன, “அவனே பண்ணிக்கிட்டான் சார்”. ஒரு ஆளை வைத்து மூணு ஆள் வேலையை வாங்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அஜாக்கிரதையின் சரித்திரம்

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். நம் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருப்பதால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

1837-ல் பிரீஸ்ட்லி - ஃபவுலர் என்று ஒரு வழக்கு. ஒரு கசாப்புக் கடையில் வேலை செய்த பையன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து அவன் தொடையெலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். மேலே போன கோர்ட், முடியாது என்று சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும் ஆபத்து வேலைக்காரனுக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் அவன் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்கிற மாதிரி ஒரு வாதம்.

இதிலிருந்து வளர்ந்து முதலாளிகளுக்கு மூன்று கவசங்கள் கிடைத்தன. ஒன்று, தொழிலாளியின் அஜாக்கிரதையும் விபத்துக்கு ஒரு காரணம் என்றால் பணம் கிடையாது. இரண்டு, ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், அதனால் கிடையாது. மூன்று, கூட வேலை செய்தவனின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை.

இந்த மூன்றையும் கிரேன் வேலையில் பொருத்திப் பாருங்கள். கிரேனில் நடக்கும் விபத்து கிட்டத்தட்ட எல்லாமே கூட வேலை செய்பவன் சம்பந்தப்பட்டதுதான். ஆபரேட்டர் சிக்னலைத் தப்பாகப் புரிந்துகொண்டார், சிக்னல்காரர் கையை அவசரமாகக் காட்டினார். மூன்றாவது கவசமே போதும், முதலாளி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். கை போனவன், தன்னைப் போலவே கூலி வாங்கும் ஆபரேட்டர் மேல் கேஸ் போட்டு என்ன வாங்க முடியும்?

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற பெண் வழக்கறிஞர் ஒரு காரியம் செய்தார். இரும்புக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் அலெகெனி கவுண்டியில், 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை ஒரே வருஷத்தில் வேலையிடத்து விபத்தில் செத்த 526 பேரின் கதையையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். அதில் 195 பேர் எஃகு ஆலைக்காரர்கள். அந்தச் சாவுகளில் கிரேனுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஆலை அதிகாரிகளைக் கேட்டால், விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை அடிபட்டவனின் அஜாக்கிரதையால்தான் என்று அடித்துச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு கேஸாகப் பிரித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. நீண்ட வேலை நேரம், அவசரம், சரியில்லாத சாதனம், சொல்லிக்கொடுக்காமல் இறக்கிவிடப்பட்ட புது ஆள் என்று காரணங்கள் வேறு எங்கோ போயின. 1910-ல் அது புத்தகமாக வந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது.

ஐரோப்பா இதற்கு முன்னாலேயே முழித்துக்கொண்டது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1884-ல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம். இங்கிலாந்தில் 1897-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான். யார் தப்பு என்று கேட்காதே. வேலையில் அடிபட்டானா? கொடு.

பம்பாயில் கேட்டது, டில்லியில் வந்தது

வெள்ளைக்காரன் அங்கே போட்டான், அதைப் பார்த்து இங்கேயும் போட்டான் என்று முடித்துவிடாதீர்கள். நான் தேடியதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ஜெர்மனியில் சட்டம் வந்த அதே 1884-ல், பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் மில் தொழிலாளர்களைக் கூட்டினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆதரித்த மனு ஒன்று தயாரானது. ஞாயிற்றுக்கிழமை லீவு, நடுவில் அரை மணி ஓய்வு, மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் சம்பளம் என்று கோரிக்கைகள். கூடவே இன்னொன்று: வேலையில் பலமாக அடிபட்டால் குணமாகும்வரை முழுச் சம்பளம் வேண்டும், ஆயுசுக்கும் ஊனமாகிவிட்டால் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மை மில் தொழிலாளிகள், பிஸ்மார்க் யார் என்றே தெரியாதவர்கள், அதே வருஷம் அதையே கேட்டிருக்கிறார்கள். மிஷினில் கை போனவனுக்கு எந்த நாடாக இருந்தாலும் தேவை ஒன்றுதானே.

கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் 39 வருஷம். 1923 மார்ச்சில் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. நிரந்தரமாக முழு ஊனம் என்றால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. மாதம் 20 ரூபாய் வாங்கும் ஆளுக்கு 42 மாதம் என்றால் 840 ரூபாய். அன்றைய அட்டவணையில் ஆள்காட்டி விரலுக்கு 10 சதவீதம், ஆக 84 ரூபாய். மற்ற விரல்களுக்கு ஆளுக்கு 5 சதவீதம், 42 ரூபாய்.

அந்தப் பழைய அட்டவணையில் ஒரு விசித்திரம் உண்டு. முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70, இடது கை போனால் 60. முழங்கைக்குக் கீழே வலது 60, இடது 50. இடதுகைப் பழக்கம் உள்ள தொழிலாளி என்ன செய்வான் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது :-) 1962 திருத்தத்தில் அட்டவணையை மாற்றி எழுதியபோது வலது இடது பேதம் போனது.

அந்தத் திருத்தப்பட்ட அட்டவணையின் கீழே ஒரு குறிப்பு உண்டு. உறுப்பு வெட்டுப்படாமல் இருந்தாலும் அதன் உபயோகம் முழுசாக, நிரந்தரமாகப் போய்விட்டால் உறுப்பே போனதாகக் கணக்கு. கிரேன் கேஸ்களுக்கு இந்த வரி ரொம்ப முக்கியம். ஸ்லிங்கில் நசுங்கிய விரல் பல சமயம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மடங்காது, பிடிக்காது, உணர்ச்சி இருக்காது. “விரல்தான் இருக்கே” என்று சொல்லி அனுப்பி விடுவார்கள்.

சட்டம் கேட்காத கேள்வி

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1923 சட்டப்படி இழப்பீடு இல்லை என்று முதலாளி சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. குடித்துவிட்டு அல்லது போதையில் இருந்ததால் விபத்து. பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது. அவ்வளவுதான். சாவு என்றால் இதைக்கூடச் சொல்ல முடியாது. 1995 திருத்தத்துக்குப் பிறகு நிரந்தர முழு ஊனத்துக்கும் சொல்ல முடியாது.

‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அஜாக்கிரதை இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. கவனம் சிதறியது, அவசரப்பட்டது, கை தானாக நீண்டது, இது எதுவும் இழப்பீட்டை மறுக்கக் காரணம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டது. 1938-ல் வந்த முதலாளிகள் பொறுப்புச் சட்டம், கூட வேலை செய்தவன் தவறு என்ற கவசத்தையும் பிடுங்கப் பார்த்தது.

ஆனால் ஷாப் ஃப்ளோரில் என்ன நடக்கிறது?

நான் வேலை பார்த்த இடத்தில் கடலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். காண்ட்ராக்ட் ஆள். நாற்பதை நெருங்கும் வயசு. ஒரு சாயங்காலம் சேனல்களைத் தூக்கும்போது ஸ்லிங்கில் கை மாட்டியது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன காண்ட்ராக்டரின் ஆள் வழியிலேயே சொல்லிக்கொடுத்தானாம்.

“கேட்டா பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடு. கம்பெனி பேரு வந்துச்சுன்னா எல்லாருக்கும்தான் பிரச்சினை.”

நாலாம் நாள் ஒரு பேப்பரோடு வந்தான். ‘என்னுடைய அஜாக்கிரதையால் ஏற்பட்ட விபத்து. இதற்காக நிர்வாகத்திடம் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்’ என்று டைப் அடித்திருந்தது. கூடவே ஐயாயிரம் ரூபாய். வலது கையில் கட்டு. இடது கையால் பெருவிரல் ரேகை வைத்துவிட்டார். கையெழுத்துப் போடத் தெரிந்த மனுஷன்.

எனக்குப் பிறகு அவர் சொன்னது: “நம்ம மேலயும் தப்பு இருக்குல்ல தம்பி. நான் கையை எடுத்திருக்கணும்.” அவர் அதை நிஜமாகவே நம்பினார். பேப்பரை விட இதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

பக்கத்து கம்பெனியில் சங்கத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் விஷயத்தைத் தெளிவாக்கினார். “ஏம்ப்பா, சம்பளத்துல ஈஎஸ்ஐ பிடிக்கிறானா?” பிடித்துக்கொண்டிருந்தார்கள். கார்டு மட்டும் கொடுக்கவில்லை. “அப்ப அந்தப் பேப்பரைத் தூக்கிக் கடாசு. நீ எழுதிக் கொடுத்தாலும் உன் உரிமை போகாது.” அவரே கூட்டிக்கொண்டு அலைந்தார். விபத்து அறிக்கை போட வைக்கவே நாலு மாசம் ஆனது. பிறகு மெடிக்கல் போர்டு. 11-ம் 7-ம் சேர்த்து 18 சதவீதம். மாசா மாசம் ஒரு தொகை, உயிரோடு இருக்கும்வரை. பெரிய தொகை இல்லை. ஆனால் ஐயாயிரத்தோடு முடிந்துபோக வேண்டிய விஷயம் அது.

வேலை? அது போய்விட்டது. அடுத்த காண்ட்ராக்டில் அவர் பெயர் இல்லை.

பெரியவர் சொன்னது சரிதானா?

சரிதான். 1923 சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தோ குறைத்தோ தொழிலாளி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. 12ஆம் பிரிவு, காண்ட்ராக்டர் வைத்த ஆளுக்கும் மெயின் முதலாளியே பொறுப்பு என்றது. அவர் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளலாம். அது அவர்கள் பாடு.

ஈஎஸ்ஐ வந்த கதை தனி. 1943-ல் பி.பி. அடார்க்கர் என்ற பேராசிரியரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது, 1944-ல் அறிக்கை, 1948-ல் சட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பம். நம் பக்கம் 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. அதன் சிறப்பு, தனி முதலாளி கொடுக்கிறானா இல்லையா என்று கையேந்த வேண்டாம் என்பதுதான். எல்லோரிடமும் வசூலித்த நிதியிலிருந்து வரும். வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. முதல் நாள் வேலையில் கை போனாலும் உண்டு. சிகிச்சையில் இருக்கும்போது சம்பளத்தில் 90 சதவீதம். முதலாளி பதிவே செய்யாமல் ஏமாற்றியிருந்தால், ஈஎஸ்ஐ தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி இருந்தது. ஒரே விஷயம், ஈஎஸ்ஐ-யில் வருபவர் அதே விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது.

ஈஎஸ்ஐ-க்கு வெளியே இருப்பவர்களுக்கு லம்ப்பாக ஒரு தொகை. கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்கணும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2010-ல் 8,000, 2020 ஜனவரியில் 15,000. 15,000-ஐ வைத்துப் போட்டால் 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். இது 100 சதவீதத்துக்கு. ஆள்காட்டி விரல் என்றால் அதில் 14 சதவீதம், சுமார் 2,62,000. சுண்டு விரல் சுமார் 1,31,000. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம்.

பட்டியலில் இருக்கும் எண்ணோடு முடிந்துவிடுவதும் இல்லை. 1968-ல் ஒரு தச்சர் வேலையில் கீழே விழுந்து இடது கையை இழந்தார். முதலாளி தரப்பு, இது பகுதி ஊனம்தான் என்று வாதாடியது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே இவருக்கு இது முழு ஊனம் என்றார் இழப்பீட்டு ஆணையர். 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. பணம் கொடுக்கும் கடமை கோர்ட் தீர்ப்பு வந்த நாளில் இல்லை, விபத்து நடந்த நாளிலேயே ஆரம்பிக்கிறது என்றும் சொன்னது. தொகை 9,800 ரூபாய். அதற்கு 7 வருஷம்.

இப்போது இந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. தப்பு யாருடையது என்று கேட்காமல் கொடு என்ற அடிப்படை மாறவில்லை.

மாறாத இன்னொன்றும் உண்டு. அரசு வேலையில் இருப்பவர் பணிக்காலத்தில் ஊனமானால் அவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 1995 சட்டம் சொன்னது, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் சொல்கிறது. அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் ஷெட்டில் ஸ்லிங் மாட்டுகிறவருக்கு அது இல்லை. விரலுக்கு ரேட்டு இருக்கிறது. அவர் நின்ற இடத்துக்கு இல்லை. பட்டியலில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

யாருடைய ஜாக்கிரதை?

2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கிரேன்களுக்கானது. தூக்கும் சாதனங்களையும் செயின் கயிறுகளையும் தகுதியான ஆள் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுசாகச் சோதிக்க வேண்டும் என்றது. எவ்வளவு எடை தூக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், அதற்கு மேல் தூக்கக் கூடாது என்றது. கிரேன் ஓடும் தடத்தில் ஆள் வேலை செய்தால், கிரேன் அவரை நெருங்கி 6 மீட்டருக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பிரிவில் எங்கேயும் ‘தொழிலாளி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்’ என்று ஆரம்பிக்கவில்லை. இடத்தையும் சாதனத்தையும் வைத்திருப்பவனின் கடமையாகத்தான் எல்லாம் எழுதியிருந்தது.

நடைமுறையும் அப்படித்தான். லோடைக் கையால் தொடாமல் திருப்ப ஒரு நீளக் கயிறு போதும். ஸ்லிங்கைத் தள்ளிப் பிடிக்க ஒரு கம்பு போதும். சிக்னலுக்கு ஒரு தனி ஆள் போதும். “கையைப் பார்த்து வேலை செய்” என்று போர்டு மாட்டுவது இவை எல்லாவற்றையும் விட மலிவு. அதனால்தான் போர்டு மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இப்படி ஆனால்:

1. ஆஸ்பத்திரியில் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். ‘வேலை நேரத்தில், வேலையிடத்தில், கிரேனில்’ என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். பின்னாடி எல்லாமே அந்த ஒரு வரியை வைத்துத்தான்.
2. நிர்வாகத்துக்கு விபத்தை எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.
3. சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஈஎஸ்ஐ கிளை அலுவலகம். இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம்.
4. எந்தப் பேப்பரிலும் அவசரத்தில் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டால் பயப்படவும் வேண்டாம்.
5. நாள் கடத்தாதீர்கள். 1923 சட்டம் வைத்த கெடு இரண்டு வருஷம். கட்டுப் பிரித்து, வேலை தேடி அலைவதற்குள் அது ஓடிப்போய்விடும்.
6. “என் மேலயும் தப்பு இருக்கு” என்று அவர் சொன்னால், இருக்கட்டும் அண்ணே, சட்டம் அதைக் கேட்கலை என்று சொல்லுங்கள். இதுதான் ஆறிலும் முக்கியம்.

இன்றைக்கும் ஷெட்டுகளில் விபத்து நடந்தவுடன் முதலில் வாயில் வரும் சொல் அஜாக்கிரதைதான். மேனேஜர் சொல்கிறார், சூப்பர்வைசர் சொல்கிறார், கூட இருந்தவர் சொல்கிறார், அடிபட்டவரே சொல்கிறார். 1884-ல் பம்பாயில் அந்த மனுவுக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் யார் தப்பு என்று எழுதவில்லை. அடிபட்டால் சோறு வேண்டும் என்றுதான் எழுதினார்கள்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. கணக்கு எழுதினவன். கேஸ் என்று வந்துவிட்டால் சங்கத்தையோ தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீலையோ கேளுங்கள். உங்கள் ஊர் ஃபவுண்டரி, மில், பட்டறைக் கதைகள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம், நடந்தது என்னன்னு மட்டும் எழுதினா போதும்.